மான்செஸ்டரில் நின்று குமரனைச் சொல்லலாமா?

திருப்பூர்
2022 ஆகஸ்ட் 2

அன்புள்ள அம்மணிக்கு, அப்பாரு எழுதுவது.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை உங்கப்பன் படித்துக் காட்டினான். சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டுக்கு உங்கள் பல்கலைக்கழகத்து இந்தியப் பிள்ளைகள் ஆளுக்கொரு ஊர்ச் சரித்திரம் பேசப் போகிறீர்களாம். "தஞ்சாவூர்க்காரிக்குப் பெரிய கோயில் இருக்கிறது, எனக்குப் பனியனை விட்டால் என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறாய். கூடவே, சீமைத் துணியை எதிர்த்த கதையை மான்செஸ்டரிலேயே நின்று பேசினால் அங்கிருப்பவர்கள் முகம் சுளிப்பார்களோ என்று ஒரு பயம். பயம் எனக்குப் புரிகிறது. முதல் கேள்விதான் வருத்தம். குமரன் ரோட்டில் நடந்து டியூஷனுக்குப் போன பிள்ளை நீ.

கொடி காத்த குமரன் கதையை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பள்ளிப் புத்தகம் விட்டுவிடுகிற சிலது இருக்கிறது. 1932 ஜனவரி 4-ஆம் தேதி காந்தியைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். ஆறு நாள் கழித்து, தடையை மீறி இங்கே ஊர்வலம் போனது. அதற்குத் தலைமை தாங்கியவர் பி.எஸ். சுந்தரம். போலீஸ் தடியடியில் குமரனோடு அவருக்கும் பலத்த அடி. குமரன் மறுநாள் இறந்தார், வயது 27. சென்னிமலை நெசவாளிக் குடும்பத்தில் பிறந்து, இங்கே பஞ்சு மில்லில் வேலை பார்த்தவர். அதாவது தலைவர் வீட்டுப் பிள்ளை இல்லை. இன்றைக்கு ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு பஸ்ஸுக்கு நிற்கிற பையன்களில் ஒருத்தன் மாதிரி என்று வைத்துக்கொள்.

அது ஏன் திருப்பூரில் நடந்தது? இதைத்தான் நீ பேச வேண்டும். பனியன் ஊர் என்று பேர் எடுப்பதற்கு முன்னாலேயே இது கதர் ஊர். அகில பாரத சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை மதராஸில் இல்லை, இங்கேதான் இருந்தது. கோவை அய்யாமுத்து அதன் செயலாளராக இருந்திருக்கிறார். சுற்றுப்பட்டு ஊர்களில் பெண்கள் நூற்ற நூல் இங்கே வந்து, தறிக்குப் போய், துணியாகித் திரும்பியது. என் சின்ன வயதில் உன் பாட்டையாவோடு கதர்க் கடைக்குப் போயிருக்கிறேன். மஞ்சள் பையில் எங்கள் ஆத்தா நூற்ற சிட்டங்கள். அவற்றை எடை போட்டு, நூலை இழுத்துப் பார்த்து, முறுக்குப் போதாது என்று ஒருவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். பிறகு நான் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராகி எத்தனையோ செக்கிங் பார்த்துவிட்டேன், அந்தப் பார்வைக்குப் பயந்த மாதிரி எந்த வெளிநாட்டு பையருக்கும் பயந்ததில்லை. ஏற்றுமதிக் கதையெல்லாம் அதற்கு அப்புறம். அதை உங்கப்பனே ஆயிரம் தடவை சொல்லியிருப்பான்.

போன வாரம் இங்கே ஒரு கல்லூரியிலிருந்து நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகள் வந்தார்கள். 75-ஆம் ஆண்டுக்காக ஊர்ப் பெரியவர்கள் சொல்வதைப் பதிவு செய்கிறார்களாம். போனை என் வாய்க்கு நேராக நீட்டி, குமரன் கொடியை எப்படிப் பிடித்திருந்தார் என்று கேட்டார்கள். எந்தத் துணியில் செய்த கொடி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, சொன்னேன். அன்றைய காங்கிரஸ் கொடிக்குக் கதர்தான் துணி, நடுவில் ராட்டை. அசோகச் சக்கரம் வந்தது 1947-இல். சட்டப்படியான தேசியக் கொடிக்கும் கைநூற்பு, கைநெசவுதான் விதியாக இருந்தது. போன டிசம்பர் 30-ஆம் தேதி அந்த விதியைத் திருத்தி, மெஷினில் செய்ததும் பாலியஸ்டரும் ஆகலாம் என்றார்கள். இப்போது வீடுதோறும் கொடி ஏற்றச் சொல்லியிருப்பதால் நம் ஊரிலும் கொடி ஆர்டர் குவிகிறது. பக்கத்து சந்தில் பாலியஸ்டர் ரோல் ரோலாக இறங்குகிறது. கைமடிக்கும் பெண்களுக்கு ராத்திரி வேலை கிடைத்திருக்கிறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் குமரன் செத்த ஊரில் இந்தத் துணியா என்று வயிறு எரிகிறது. உங்கப்பன் சிரிக்கிறான்.

இனி உன் பயத்துக்கு வருகிறேன். 1931 செப்டம்பரில், வட்டமேஜை மாநாட்டுக்கு வந்த காந்தி உங்கள் பக்கத்து டார்வெனுக்குப் போனார். இங்கே நாம் துணி வாங்காததாலும் வேலை போனவர்கள் இருந்த மில் ஊர் அது. ஏச வேண்டியவர்கள், மில் பெண்கள், அவரைச் சுற்றி நின்று கைதட்டிக் கொண்டாடினார்கள். அந்தப் போட்டோ உலகத்துக்கே தெரியும். இந்திய ஏழையின் நிலைமையை அவர்களிடம் அவர் ஒளிக்காமல் சொன்னார். அடுத்த நான்கு மாதத்துக்குள் இங்கே குமரன் விழுந்தார். இரண்டையும் சேர்த்துச் சொல். தறிக்காரன் கஷ்டம் தறிக்காரனுக்குத் தெரியும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். உனக்கு மான்செஸ்டரிலிருந்து டார்வெனுக்கு ரயில் இருக்கிறது. பேசுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வா.

சர்வோதய சங்கத்தில் ஒரு கதர்ச் சேலை எடுத்து வைத்திருக்கிறேன், நாளைக்குக் கூரியரில் போடுகிறான் உங்கப்பன். கஞ்சி போடாமல் கட்டாதே, தொளதொளவென்று நிற்கும். பேசியதை யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லி அனுப்பு. சுந்தரம் பேரை விட்டுவிடாதே.

அன்புடன்,
அப்பாரு