கோட்டுக்கு மேலே நிற்பவர்கள்

நகரத்தில் நாளொன்றுக்கு 32 ரூபாயும் கிராமத்தில் 26 ரூபாயும் செலவிட முடிந்தவர் ஏழை அல்லர்: 2011 செப்டம்பரில் திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தின் சாரம் இதுதான். நாடே கொதித்தது. அந்தத் தொகையில் ஒரு நாளை ஓட்டிக் காட்டுமாறு குழுவின் துணைத் தலைவருக்குச் சவால் விடப்பட்டது. கொதிப்பு நியாயமானதே; ஆனால் பாதியிலேயே அடங்கிவிட்டது. 1997 முதல் மலிவு விலை ரேஷன் அந்தக் கோட்டோடு பிணைக்கப்பட்டிருந்தது என்பதல்லவா உண்மையான வழக்கு!

டெண்டுல்கர் குழுவின் அளவுகோலின்படி வறியோர் விகிதம் 2004-05இல் 37.2 விழுக்காடு, 2011-12இல் 21.9. பொருளாதாரம் விரைந்து வளர்ந்த ஆண்டுகள் அவை. வயலில் தேங்கிக் கிடந்த கைகளைக் கட்டுமானத் தொழில் ஈர்த்துக்கொண்டது. 2006இல் தொடங்கிய ஊரக வேலை உறுதித் திட்டம் கூலி பேசும் தெம்பைத் தந்தது. எதன் பங்கு பெரிது என்று ஜகதீஷ் பகவதி தரப்பும் அமர்த்தியா சென் தரப்பும் 2013இல் மோதிக்கொண்டன. வளர்ச்சியின் பங்கை மறுப்பது வீண் பிடிவாதம். ஆயினும் 2014இல் ரங்கராஜன் குழு கோட்டைச் சற்றே உயர்த்தி, கணக்கிடும் முறையையும் மாற்றியபோது, அதே 2011-12இன் விகிதம் 29.5 ஆயிற்று. ஒரே நாடு, ஒரே ஆண்டு. கூடுதல் ஏழைகள் ஒன்பது கோடிப் பேர். மீண்டவர்கள் எனக் கொண்டாடப்பட்டவருள் பெரும்பாலோர் கோட்டை ஒட்டியே நின்றிருந்தனர். ஒரு நீண்ட காய்ச்சல், மழை பொய்த்த ஒரு பருவம் போதும், திரும்பவும் கீழே விழ.

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இக்கோட்டைக் கைவிட்டு, ஊரகத்தில் 75 விழுக்காட்டினர் வரையும் நகரத்தில் 50 விழுக்காட்டினர் வரையும் மலிவு தானியம் பெற வழிசெய்தது. அரசுகள் இவ்வளவு அறிவோடு பின்வாங்குவது அரிது. ஆனால் அவ்விழுக்காடுகள் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்மீது அமர்ந்தவை. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று; மக்கள் பெருகியும் உச்சவரம்பு ஏறத்தாழ 81 கோடியிலேயே நின்றது. பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் இவ்வாறு விடுபட்டதாக ழான் திரேஸ், ரீத்திகா கேரா முதலியோர் 2020இல் மதிப்பிட்டனர்.

மாநிலத்தின் ஒதுக்கீடு நிரம்பிய இடங்களில், பிறந்த குழந்தையின் பெயரை ரேஷன் அட்டையில் சேர்க்க இன்னொருவர் பெயர் எங்கோ நீங்க வேண்டும். தலைக்கு மாதம் 5 கிலோ என்கிறது சட்டம். நான்கு பெயர்களுக்கு வரும் 20 கிலோவை அதுவரை ஆறு பேர் பங்கிட்டு உண்கின்றனர்.