முடிக்கக்கூடிய வைத்தியம்

சீட்டு எழுதும்போது மருந்துகளின் வரிசையில் நான் கவனமாக இருப்பேன். ஐந்து மருந்து எழுதினால் ஐந்தையும் வாங்குவார்கள் என்பது பட்டணத்து நினைப்பு. உத்திரமேரூர் கடைத்தெருவில், மருந்துக்கடைக்காரர் கூட்டித் தொகையைச் சொன்னதும், "மேல இருக்கற ரெண்ட மட்டும் குடுங்க" என்பார்கள். மேலே இருப்பது சத்து டானிக்காக இருந்தால் அந்த நாய்க்குக் கிடைக்கும் வைத்தியம் டானிக் மட்டும்தான். அதனால், எது இல்லாமல் ஆகாதோ அது முதல் வரி. அதற்கடியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் கையில் காசு மிஞ்சினால். டானிக்கை நான் பெரும்பாலும் எழுதுவதே இல்லை. அந்தக் காசுக்கு வாரம் முழுக்க முட்டை கொடுக்கலாம்.

அரசு கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, மாலை நேரங்களில் வீட்டுத் திண்ணையில் பார்க்கிறேன். மானாம்பதி, சாலவாக்கம், திருப்புலிவனம் பக்கத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள். மாட்டுக்கு நோய் என்றால் வீடே சேர்ந்து முடிவெடுக்கும். அது பால் கறக்கும், கடனை அடைக்கும். காதில் வில்லை மாட்டிக் காப்பீடுகூட எடுத்து வைக்கலாம். நாய்க்கு அப்படி எந்தப் பிடிமானமும் கிடையாது. சுவீடனில் 1924ஆம் ஆண்டிலேயே நாய்க்குக் காப்பீடு வந்துவிட்டது. இங்கே, "மனுசனுக்கே வழியக் காணோம், நாயிக்கு என்னாத்துக்கு" என்று திட்டும் மாமியாருக்குத் தெரியாமல் மருமகள் நாயைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். அவள் முந்தானையில் முடிந்து வைத்திருப்பதுதான் மொத்த நிதி.

ஆகவே காசுப் பேச்சை நானே முதலில் எடுத்துவிடுவேன். "இன்னிக்கு எவ்ளோ முடியும்னு சொல்லும்மா. கம்மியா சொன்னா கம்மியா பாக்க மாட்டேன், வேற வழியில பாப்பேன்." கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மூன்று விதமான ஊசி என்று நாம் அடுக்க, அவர்கள் "சரிங்க டாக்டரம்மா" என்று மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அப்புறம் வரவே மாட்டார்கள். எந்தப் பரிசோதனையின் முடிவு வைத்தியத்தை மாற்றுமோ அதை மட்டும் கேட்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். முடிவு எப்படி வந்தாலும் கொடுக்கப்போவது ஒரே மாத்திரைதான் என்றால், பரிசோதனைக் காசை மாத்திரைக்கே கொடுத்துவிடலாம்.

உண்ணிக்காய்ச்சலைத்தான் இதற்கு உதாரணமாகச் சொல்வேன். எங்கள் பக்கத்து நாட்டுநாய்கள் உண்ணியோடே பிறந்து உண்ணியோடே வளர்பவை. திடீரென்று சோறு தின்னாது, உடம்பு கொதிக்கும், ஈறு வெளுக்கும், சிலதுக்கு மூக்கில் ரத்தம் ஒழுகும். இதில் எர்லிக்கியா என்ற கிருமிக்கு டாக்சிசைக்ளின் நன்றாகக் கேட்கும். பத்து கிலோ நாய்க்கு நாளைக்கு 100 மில்லிகிராம். மனிதர்களுக்கான மருந்துக்கடையிலேயே மலிவாகக் கிடைக்கும். ஆனால் 28 நாள் கொடுக்க வேண்டும். சிக்கல் விலையில் இல்லை, நாய் மூன்றாம் நாளே எழுந்து வாலாட்டிவிடுகிறதே, அதில்தான். வாலாட்டிய நாய்க்கு எதற்கு மாத்திரை? மிச்சப் பட்டையைக் கூரையில் செருகிவிடுவார்கள். ரெண்டு மாதம் கழித்து அதே நாய், இன்னும் வெளுத்த ஈறோடு வரும். அப்போது ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை, அதற்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும். பாதியில் விட்ட வைத்தியத்தைப் போல் செலவு வைப்பது வேறெதுவும் இல்லை. இப்போதெல்லாம் நாட்காட்டித் தாளில் 28 கட்டம் போட்டு, வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறேன். பெரியவர்களைவிடப் பிள்ளைகள் கறார். வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது, சோற்றோடு கொடுத்துத் தண்ணீரும் குடிக்க விடவேண்டும் என்பதையும் அவர்களிடம்தான் சொல்வேன்.

பார்வோ என்ற வைரஸ் நோய் வேறு கதை. இங்கே கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகும் பையன்கள் ஆசைப்பட்டு லேப், ராட்வீலர் குட்டிகளை வாங்குகிறார்கள். குட்டிக்கு ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்தவன் தடுப்பூசியை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளுவான். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை; இதைத் தள்ளிப்போட்டால் பார்வோ முந்திக்கொள்ளும். ரத்தமும் வாந்தியுமாகக் குட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு நிற்பான். பாடப்புத்தகப்படி இது மருத்துவமனையில் சேர்த்து, நரம்பில் குளுக்கோஸும் சலைனும் ஏற்றிப் பார்க்க வேண்டிய நோய். அதற்கு அவன் தினமும் ஆட்டோ பிடிக்க வேண்டும். பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். மருந்தைவிட ஆட்டோவுக்குத்தான் கூடுதலாகப் போகும். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி ஊருக்கே வரும்தான். ஆனால் ஒரு பக்கம் கன்று ஈனமுடியாத மாடு, ஒரு பக்கம் நாய்க்குட்டி என்றால் அது எங்கே போகும், எங்கே போக வேண்டும் என்பதில் எனக்கே சந்தேகம் கிடையாது.

மருத்துவமனையில் சேர்க்காமலே பார்வோவைப் பார்க்க முடியுமா என்று அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2017இல் வெளியான ஆய்வு. முதலில் எல்லாக் குட்டிகளுக்கும் நரம்பில் திரவம் ஏற்றி நிலைப்படுத்தினார்கள். பிறகு பாதியை உள்ளே வைத்து முழுச் சிகிச்சை. மறுபாதிக்கு வெளிநோயாளி முறை, அதாவது தோலுக்கடியில் திரவம், வாந்தி நிற்க ஊசி, நீண்ட நேரம் வேலைசெய்யும் ஆன்டிபயாடிக். உள்ளே இருந்தவற்றில் 90 விழுக்காடு பிழைத்தன, மற்றதில் 80. நாற்பது நாய்களை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் அந்தப் பத்து விழுக்காட்டு வித்தியாசம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒன்றுமே செய்யாமல் விட்டால் பெரும்பாலான குட்டிகள் போய்விடும். அதோடு ஒப்பிட்டால் 80 என்பது பெரிய எண். முதல் நாள் திண்ணையிலேயே நரம்பில் ஏற்றிவிட்டு, அடுத்த நாள்களுக்குத் தோலைத் தூக்கிப் பிடித்து ஊசி போடப் பையனுக்கே கற்றுக்கொடுக்கிறேன். கை நடுங்கும். மூன்றாவது தடவையில் நின்றுவிடும்.

மலிவு என்று நினைத்து வீட்டிலேயே செய்வதுதான் சில சமயம் உயிரை வாங்கிவிடும். காய்ச்சலடிக்கும் பூனைக்கு வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கால் துண்டு கொடுத்துவிட்டு வருவார்கள். பூனையின் ஈரலுக்கு அதை முறிக்கும் சக்தி இல்லை. ரத்தம் பழுப்பேறி, மூச்சுக்குத் தவிக்கும். நாய்க்கு உண்ணி போகத் தடவும் பெர்மெத்ரினைப் பூனைக்கும் தடவினால் வலிப்பு. இதற்கெல்லாம் பார்க்கும் செலவு, முதலிலேயே வந்திருந்தால் ஆகியிருக்கும் செலவைவிடப் பல மடங்கு.

பெரிய அறுவை, கட்டி, எலும்பு முறிவு என்றால் வேப்பேரிதான். 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் தனியாரைவிடச் செலவு வெகு குறைவு. இங்கிருந்து சுமார் 90 கிலோமீட்டர் இருக்கும். வண்டிக்கூலியும் ஒரு நாள் கூலியும் சேர்த்து எண்ணித்தான் அனுப்ப வேண்டும். நான் பார்த்ததையெல்லாம் தேதியோடு எழுதிக் கொடுத்துவிடுவேன். எழுதாமல் அனுப்பினால் அங்கே முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

எங்கே நிறுத்துவது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். நாலு நாள் பார்க்கலாம், குடித்த தண்ணீரை வாந்தி எடுக்காமல் இருந்தால் தொடரலாம், இல்லாவிட்டால் பேசிக்கொள்ளலாம் என்று. அப்படிச் சொன்னால் வட்டிக்கு வாங்குவது குறைகிறது. வலியில்லாமல் போக ஊசி போடலாம் என்றால் இங்கே பெரும்பாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "நான் சோறு போட்ட கையி டாக்டரம்மா, அதுக்கு ஒத்துக்காது" என்றார் ஒரு ஆயா. நான் வற்புறுத்துவதில்லை. வலிக்கு மெலாக்சிகாம் சொட்டு மருந்து, நாளைக்கு ஒரே வேளை, கொஞ்சம் தின்றபிறகு, ஊசிக்குழாயில் கோடு போட்ட அளவுக்கு மேல் வேண்டாம் என்று காட்டி அனுப்பினேன். அதற்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார். சொன்னேன். சுருக்குப்பையை அவிழ்த்து, எண்ணி வைத்துவிட்டுப் போனார்.