உடைத்து வைத்த அரிசி

மாலை ஏழரை மணிக்குப் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வந்து சேர்ந்து, அதன்பின் அடுப்படிக்குள் நுழைய வேண்டியவர் ஆணாயினும் பெண்ணாயினும், அவரை வாட்டுவது சமைக்கும் சிரமத்தைக் காட்டிலும் என்ன சமைப்பது என்று தீர்மானிக்கும் சிரமமே என்பது என் அபிப்பிராயம். அந்தத் தீர்மானத்தை ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே செய்து டப்பாவில் மூடி வைத்துவிடக்கூடிய ஆகாரங்களில் அரிசி உப்புமாவுக்கு ஈடாக வேறொன்றை நான் கண்டதில்லை.

நாலு ஆழாக்குப் பச்சரிசி, ஒரு ஆழாக்குத் துவரம்பருப்பு, தலா நாலு தேக்கரண்டி மிளகு, சீரகம். இவற்றை மிக்சியில் விட்டு விட்டு ஓட்டி ரவையாக உடைத்து, மாவைச் சலித்து நீக்கிவிட்டால், ஈரம் படாதவரையில் வாரக்கணக்கில் கெடாது. அரிசியில் குறைவாயுள்ள லைசின் என்னும் புரதக் கூறு பருப்பிலும், பருப்பில் குறைவாயுள்ள மெத்தியோனின் அரிசியிலும் இருப்பதால், இரண்டும் சேர்ந்த இந்த ரவை வெறும் மாவுப் பண்டமாக நின்றுவிடுவதில்லை.

இராத்திரி வேலை சொற்பம்தான். தேங்காயெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, ஒரு பங்கு ரவைக்கு இரண்டரைப் பங்கு ஜலம் விட்டு, உப்பும் துருவிய தேங்காயும் சேர்த்து, தளதளவென்று கொதிக்கும்போது ஒரு கையால் ரவையைத் தூவி மறு கையால் கிளற வேண்டும். பிறகு மூடி, தீயை அடக்கிவிட்டால், கால்மணி நேரம் அது தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். அந்த அவகாசத்தில் பக்கத்து அடுப்பில் கத்தரிக்காயைச் சுட்டு, தோலுரித்துப் பிசைந்து, புளிக்கரைசலோடு கொதிக்கவிட்டால் கொத்சும் தயார். (காரட்டையும் பட்டாணியையும் உப்புமாவிலேயே கொட்டுகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை, அதற்கு வேறு பெயர் வைத்துக்கொண்டால் போதும்.)

1959-ஐ ஒட்டி நம் நாட்டில் தயாராகத் தொடங்கிய பிரஷர் குக்கர், ஆவியை அடைத்து ஜலத்தின் சூட்டை 120 டிகிரி வரை ஏற்றுவதால், இதையும் சீக்கிரம் வேகவைத்துவிடும் என்பது மெய்யே. ஆனால் வெண்கலப் பானையின் அடியில் பொன்னிறமாய்ப் பிடித்து, தோசைத் திருப்பியால் நெம்பினால் மொறுமொறுவென்று பெயர்ந்து வருகிற காந்தல் அதில் கிடையாது. அதற்காகப் பத்து நிமிஷம் கூடுதலாகக் காத்திருப்பதை நான் நஷ்டமாகக் கருதுவதில்லை.

வைத்தியர் அரிசியைக் குறைக்கச் சொல்லியிருக்கும் வீடுகளில் பருப்பை இரட்டித்து உடைத்துக்கொள்ளலாம். உப்புமா சற்றுக் குழைவாக வரும், ஜலத்தைக் கொஞ்சம் பார்த்து விட வேண்டும்.