மூன்றாவது மட்டை

வில்கமுவவில் வாழைக்கு இரண்டு விதமான சாவுதான். குலை முற்றினால் கத்தி. அதற்கு முன்பே வாசனை பிடித்துவிட்டால் யானை. ஹெட்டிபொலவுக்குப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் சிங்களப் பிள்ளைகளுக்கு இரண்டாம் மொழியாகத் தமிழ் படிப்பித்த பதினொரு வருடமும் நான் பார்த்தது இதைத்தான். ஒரு பக்கம் வஸ்கமுவ தேசியப் பூங்கா. மறுபக்கம் வயலை நனைத்துக்கொண்டு போகும் மினிப்பே இடதுகரைக் கால்வாய். நடுவில் நெல்லும் வாழையும். யானை வராமல் என்ன செய்யும்? என் கணவர் ஓய்வுபெற்ற பிறகு கால்வாயோரம் அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து அம்புல் வாழை போட்டார். அந்தத் தோட்டத்தில் தவறாமல் கிடைத்த வருமானம் பழம் அல்ல, மாமிக்கு நார்.

மாமி மாத்தளையில் பூக் கட்டுகிறவர். முத்துமாரியம்மன் கோவில் மாசி மகத் தேருக்கு முந்திய வாரம் எங்கள் வீட்டு விறாந்தையில் கால் வைக்க இடமிருக்காது. காய்ந்த வாழைமட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, நகத்தால் கிழித்து, ஒரு நுனியைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எழும்ப மூன்று மணி நேரமாகும். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கும் கற்றுத்தரப் பார்த்தார். பரீட்சைத் தாள் திருத்த இருக்கிறது என்று நான் நழுவிவிட்டேன். அந்தத் தாள்கள் முப்பது வருடமாக முடியவில்லை.

ககோஷிமாவில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிற மகள், கடந்த நவம்பரில் எங்கள் மூவரையும் ஜப்பானுக்கு அழைத்தாள். நரிட்டாவில் இறங்கி, டோக்கியோவில் இரண்டு நாள், அங்கிருந்து ரயிலில் தெற்கே ககோஷிமா, பிறகு கப்பலில் தீவு தீவாக ஒகினாவா என்பது அவள் போட்ட திட்டம். மற்றவர்கள் எழுதித் தள்ளிய கோபுரங்களையும் கோவில்களையும் விட்டுவிடுகிறேன். டோக்கியோவில் எனக்கு வேண்டியிருந்தது புகாகாவா என்ற இடம் மட்டும்தான். ஹைக்கூ எழுதுகிற தமிழர் எல்லோருக்கும் பாஷோ தெரியும். பாஷோ என்றால் வாழை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1680களின் தொடக்கத்தில் புகாகாவாவில் அவர் குடிசைக்கு முன்னால் சீடர் ஒருவர் ஒரு வாழைக்கன்றை நட்டார். குடிசைக்கு மரத்தின் பெயர் வந்தது. குடிசையின் பெயர் கவிஞருக்கு ஒட்டிக்கொண்டது. அங்கே போய் நின்றபோது மாமி கேட்டார்: "குலை தள்ளாத மரத்துக்கா இவ்வளவு பேரு?"

ககோஷிமாவிலிருந்து ஒகினாவாக் கப்பல் மாலை ஆறு மணிக்குப் புறப்படுகிறது. நாஹா போய்ச் சேர இருபத்தைந்து மணி நேரம். குறைந்த கட்டண வகுப்பில் கட்டில் கிடையாது. பெரிய கூடம், தரையில் மெத்தை, ஆளுக்கொரு தலையணை. கதிர்காம மடத்தில் படுத்த மாதிரி இருக்கிறது என்று மாமி உடனே தூங்கிப்போனார். புகைந்துகொண்டிருந்த சக்குராஜிமா எரிமலையை நானும் கணவரும்தான் மேல்தளத்தில் நின்று பார்த்தோம். விடியற்காலை ஐந்து மணிக்கு அமாமித் தீவின் நாசே துறைமுகம். அங்கே பட்டு நூலை ஒரு மரத்தின் சாற்றில் தோய்த்து, இரும்புச் சத்துள்ள சேற்றில் புரட்டிக் கறுப்பேற்றுவார்களாம். நாங்கள் பார்த்தது துறைமுக விளக்குகளையும் சரக்குப் பெட்டி தூக்கும் வண்டிகளையும்தான். பிறகு தொகுனோஷிமா, ஒக்கினோஎராபு, யோரோன். ஒவ்வொரு தீவிலும் பத்துப் பேர் இறங்கினார்கள், எட்டுப் பேர் ஏறினார்கள். நாங்கள் நாஹாவரை போகாமல் மாலையில் மொத்தோபுவில் இறங்கினோம். அங்கிருந்து வடக்கே ஓகிமி கிராமம் கிட்ட.

ஓகிமியைப் பற்றிக் கேட்டால் யாரும் முதலில் நீண்ட ஆயுளைப் பற்றித்தான் சொல்வார்கள். நூறு வயதுக்காரர்களைத் தேடி வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் இன்னும் வருகிறார்களாம். எங்களுக்கு வேண்டியது அதற்குள் இருக்கும் கிஜோகா என்ற சிற்றூர். பாஷோஃபு என்ற வாழைநார்த் துணி நெய்கிற ஊர். மகளோடு வேலை செய்யும் பெண்ணின் உறவினர் ஒருவர் அங்கே நார்த்தோட்டம் வைத்திருந்தார். அவர் தயவில்தான் மரம் வெட்டுவதைப் பார்க்கக் கிடைத்தது.

தோட்டத்தைக் கண்டதும் கணவர் முகம் சுருங்கியது. ஆளைவிடக் கொஞ்சம் உயரமான ஒல்லி மரங்கள், தலையில் இலை வெட்டப்பட்டு மொட்டையாக நிற்கின்றன. "ஆரோ மரத்தைக் கொன்டு வெச்சிருக்காங்க" என்றார். இல்லை, அதுதான் பயிர்ச்செய்கை. இந்த வாழையில் பழம் உண்டு, ஆனால் உள்ளே முழுக்க விதை. எங்கள் பக்கத்துக் காட்டில் சிங்களவர் 'அட்டி கெசெல்' என்கிற விதைவாழையின் சொந்தக்காரன். இலையையும் நுனியையும் வருடத்தில் சில தடவை வெட்டிவிட்டால்தான் அடிமரமும் மேல்மரமும் ஒரே பருமனில் வரும், நாரும் மெதுவாகும். வெட்டாமல் விட்ட மரத்தில் அடியில் கயிறு, நுனியில் மயிர். இப்படி இரண்டு மூன்று வருடம். பிறகு ஒக்டோபரிலிருந்து பெப்ரவரிக்குள் வெட்டு. ஒரு கிமோனோவுக்கு ஏறக்குறைய இருநூறு மரம். எங்கள் அரை ஏக்கரின் கணக்கைக் கணவர் மனதுக்குள் போட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு பேசவில்லை.

வெட்டிய மரத்தின் அடியில் கத்தியால் கீறி, மட்டை மட்டையாகக் கழற்றி, ஒவ்வொரு மட்டையிலும் உள்பக்கச் சதையை விட்டுவிட்டு வெளித்தோலை மட்டும் உரிக்கிறார்கள். வெங்காயம் உரிப்பதுபோல என்று எழுத வந்தேன். வெங்காயத்தை இவ்வளவு மரியாதையாக யாரும் உரிப்பதில்லை. உரித்தது நான்கு குவியலாகப் பிரிகிறது. வெளிமட்டை வாஹா. முரட்டு நார், இருக்கை உறைக்குத்தான் ஆகும். அடுத்தது நஹாவு, இடுப்புப் பட்டிக்கு. மூன்றாவது நஹாகு, கிமோனோவுக்கு. குருத்தை ஒட்டிய கடைசி மட்டை கியாகி. அது நிறம் மாறிப்போவதால் சாயமேற்றும் நூலுக்கு. மாமி குனிந்து நாலு குவியலையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மூன்றாவதில் கை நின்றது. "நாங்க வெளிமட்டைய மட்டும் எடுத்துட்டு இதெல்லாத்தையும் மாட்டுக்குப் போட்டமே" என்றார்.

அதன் பிறகு சாம்பலின் காரநீரில் வேகவைக்கிறார்கள். வெந்ததைக் கழுவி, பிளந்த மூங்கிலுக்கிடையில் வைத்து இழுத்து இழுத்துச் சதையைச் சீவுகிறார்கள். மிஞ்சுவது மினுங்கும் நாடா. கருநீலமும், கறுப்புக்கு முந்திய ஒரு பழுப்பும்தான் சாயம். பழுப்பு, அமாமியில் பட்டுக்குப் பயன்படும் அதே மரத்திலிருந்து வருகிறது. நெய்து முடித்த துணியை மறுபடி காரநீரில் அவித்து, புளித்த அரிசிக் கஞ்சியில் ஊறவைத்து அந்தக் காரத்தை எடுக்கிறார்கள். பழைய சோற்று நீராகாரத்தில் துணி குளிக்கிறது என்று மகள் மொழிபெயர்த்தாள். முன்பெல்லாம் இந்தக் கிராமத்தின் ஷிகுவாசாப் பழத்தின் சாற்றையும் போட்டுக் கழுவினார்களாம். அந்தப் பெயருக்கே 'புளிப்பு ஊட்டுவது' என்றுதான் பொருள், துணிக்குப் புளிப்பு ஊட்டுவது. சின்ன எலுமிச்சை அளவு, தோடம்பழச் சாதி. வஸ்கமுவ பக்கத்தில் யானைக்குத் தோடை வாசம் பிடிக்காது என்று இலங்கை வனவிலங்கு பாதுகாப்புச் சங்கம் தோட்டங்களைச் சுற்றித் தோடை நட வைத்திருக்கிறது. ஒரே புளிப்பு, ஓரிடத்தில் வாழைத் துணிக்கு, இன்னோரிடத்தில் வாழைக்கே காவலுக்கு.

பாஷோஃபு மண்டபத்தின் கீழ்த்தளம் பார்வையாளருக்கு, மேல்தளம் வேலைக்கு. மேலே படம் எடுக்கக் கூடாது. எடுக்க முடியாததால் நன்றாகப் பார்த்தேன். தறிச் சத்தத்தை எதிர்பார்த்துப் போனவளுக்கு ஏமாற்றம். அந்த வேலையில் நெசவு கடைசிச் சின்னப் பங்கு. அறையில் வயதான பெண்கள் குனிந்து, நாரை நகத்தால் மயிரிழையாகப் பிளந்து, நுனியோடு நுனி முடிந்து, முடிச்சின் வாலைக் கத்தியால் அறுத்து, முடிந்து, அறுத்து... ஒரு மரத்தின் உயரம்தான் ஒரு நாரின் நீளம். அதனால் துணி முழுக்க முடிச்சு. ஆனால் கண்ணுக்கோ கைக்கோ அகப்படாது. காற்று காய்ந்தால் நூல் அறும்; அதனால் மழைக்கால ஈரம்தான் நெசவுக்கு உகந்தது. துணியைத் தொட விட்டார்கள். வெயிலில் காய்ந்த தும்பியின் சிறகு மாதிரி, உடம்பில் ஒட்டாத துணி. வியர்வை ஊருக்குச் செய்த துணி.

ஒரு பாட்டி மாமியின் கையைப் பார்த்துவிட்டு ஒரு நார்க் கற்றையை நீட்டினார். மாமி பூக் கட்டும் முடிச்சைப் போட்டார். பாட்டி சிரித்துக்கொண்டு அவிழ்த்தார், அது அவிழ்ந்தது. அவர் போட்டதை மாமி அவிழ்க்கப் பார்த்தார், முடியவில்லை. "பூவுக்கு ஒருநாள் நின்டாப் போதும்" என்று மாமி என்னிடம் சொன்னார், தோற்றதை ஒப்புக்கொள்ளாத குரலில்.

இந்த அறை இருப்பதற்கே காரணம் தைரா தோஷிகோ என்ற பெண். 1921இல் கிஜோகாவில் பிறந்தவர். போரின் கடைசிக் கட்டத்தில் தொழிற்சாலை வேலைக்கென்று ஜப்பானின் குராஷிகிக்கு அனுப்பப்பட்டார். அங்கே நாட்டுப்புறக் கைவினை இயக்கத்தைச் சேர்ந்தவர்களிடம் நெசவு கற்று, 1946இல் ஊர் திரும்பினார். தோட்டங்கள் இல்லை. மலேரியாக் கொசு பெருகுகிறது என்று அமெரிக்கப் படையினர் நார்வாழைகளை வெட்டித் தள்ளியிருந்தார்கள். மலேரியாவுக்குப் பயந்து ஊரையே கைவிட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்த உலர்வலயத்துக்காரருக்கு அந்தப் பயம் விளங்கும். மரத்தின் மேல் பழி போட்டதுதான் விளங்காது. தைரா கன்று தேடி நட்டார். போரில் கணவனை இழந்த பெண்களை நூல் முடிய உட்காரவைத்தார். 1974இல் கிஜோகாவின் பாஷோஃபு நாட்டின் முக்கியமான அருவக் கலாசாரச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. 2000இல் அவரே 'வாழும் தேசியச் செல்வம்' ஆனார். 2022இல், 101 வயதில் காலமானார். அவருக்குப் பிறகு பொறுப்பை எடுத்திருப்பவர் மருமகள் மியேகோ.

மகள் இதை மொழிபெயர்த்ததும் மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் வில்கமுவவிலும் வாழைநார்ப் பயிற்சி நடந்தது. நார் உரிக்கும் இயந்திரம் ஒன்று லொறியில் வந்தது. மூன்று நாள் வகுப்பு, தேநீர், சான்றிதழ். பெண்கள் பை முடைந்தார்கள். வாங்க ஆளில்லை. இயந்திரத்தின் மேல் இப்போது நெல் மூட்டை அடுக்கியிருக்கிறது. நடத்தியவர்கள் நல்லவர்கள், அவர்கள் மேல் குறையில்லை. ஆனால் குலை வெட்டிய மரத்தைக் குப்பை என்று நினைத்து, அந்தக் குப்பையிலிருந்து காசு எடுக்கலாம் என்றுதான் ஆரம்பித்தார்கள். கிஜோகாவில் யாருக்கும் அது குப்பை இல்லை. முதல் இலையை வெட்டும்போதே அவர்கள் கண்ணில் துணி இருக்கிறது. தொழில் தறியில் தொடங்குகிறது என்று நாங்கள் நினைத்தோம்; அது தோட்டத்தில், மூன்று வருடத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அந்த மூன்று வருடத்தை எந்தத் திட்ட அறிக்கையில் எழுதுவது?

ஊர் திரும்பியதும் மாமி அடுப்புச் சாம்பலை வடித்து, எங்கள் அம்புல் மட்டையை அவித்தார். அடியில் கயிறு, நுனியில் மயிர். சொன்னபடியே வந்தது. அடுத்த வாரம் தோட்டத்துக்கு வந்து நாலு கன்றைக் காட்டி, இதுகளுக்கு இலை வெட்ட வேணும் என்றார்.

"பழம் தராத மரத்துக்குத் தண்ணியா அம்மா?" என்றார் கணவர்.

"உன் தண்ணியா? கால்வாய்த் தண்ணிதானே."

"மூணு வருஷமாகும் மாமி" என்றேன் நான். அவருக்கு எழுபத்தாறு.

"எனக்கா ஆகும்? மரத்துக்குத்தானே ஆகும்."

நாலு மரமும் மொட்டையாக வளர்ந்தன. பக்கத்துக் காணிக்காரர் வேலியில் சாய்ந்து நின்று, டீச்சர் வீட்டு வாழைக்கு என்ன நோய் என்று சிங்களத்தில் விசாரித்தார். ஆடிக் காற்று உலர்ந்து அடித்த ஓர் இரவில் யானை வந்தது. குலையோடு நின்ற மரங்களில் இரண்டை மட்டும் தொட்டுவிட்டு, இலை வெட்டிய நாலையும் சாய்த்திருந்தது. இளந்தண்டு அதற்கு இனித்திருக்க வேண்டும். காலையில் கணவர் தலையில் கைவைத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமை மாமி வந்தார். யானை தண்டைத் தின்றுவிட்டு, மட்டைகளைக் கிழித்து வீசியிருந்தது. அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வீசிக் கிடந்ததையெல்லாம் பொறுக்கிக் குவித்தார். ஒரு குவியல், இரண்டு, மூன்று.

"நாலாவது எங்க?" என்றேன்.

"அத ஆனை தின்னுட்டுது" என்றார். "மூணாவது இருக்கே. வா, இந்தப் பக்கத்தப் பிடி."