கூலி நோட்டில் இருந்த கணக்கு

ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டுக்குள் ஒரு குழித்தறி, ஊர்க்கோடியில் அரை ஏக்கர் மணிலாக் கொல்லை. கணவர் 20 வருடமாகக் கூலிக்குப் பட்டு நெய்கிறார். பாவு, ஊடை, ஜரிகை எல்லாம் முதலாளி கொடுப்பார். சேலையை அறுத்துக் கொடுத்தால் கூலி. நாமே பட்டு வாங்கி நெய்து விற்றால் என்ன என்று மனைவிக்கு யோசனை வந்தது.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் (பி.எம்.இ.ஜி.பி.) கிராமப்புறப் பெண்களுக்கு 35 சதவிகிதம் மானியம், கையிலிருந்து போடுவது 5 சதவிகிதம்தான். மாதிரித் திட்ட அறிக்கைகளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கம்ப்யூட்டர் சென்டரில் ஒன்றை எடுத்து, பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றி வங்கியில் கொடுத்தார்.

மேலாளர் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, கைத்தறிக்கு எதுக்கு மோட்டார்?"

அவர் எடுத்தது விசைத்தறிக்கான மாதிரி. போதாக்குறைக்கு மாதாமாதம் மின் கட்டணம் வேறு எழுதியிருந்தது. தமிழ்நாட்டில் கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம் என்பது அந்த மாதிரிக்கு எப்படித் தெரியும்?

மாதிரி வீணில்லை. என்னென்ன கேள்விக்குப் பதில் எழுத வேண்டும் என்று அதன் தலைப்புகள் காட்டிவிடும். எண்களைத்தான் கடன் வாங்கக் கூடாது.

அன்று இரவு கணவரின் கூலி நோட்டை எடுத்து வைத்துக்கொண்டார். இரண்டாவதாக எடுத்த கைத்தறி மாதிரியில், 300 வேலை நாள், ஒரு தறிக்கு ஆண்டுக்கு 48 சேலை என்றிருந்தது. நோட்டில் எண்ணினால் 31தான்.

"ஏங்க, மிச்சம் 17 எங்க போச்சு?"

ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறி நின்ற நாட்கள். பாவு பிணைக்க ஆள் வராமல் காத்திருந்த நாட்கள். மணிலா பிடுங்கிய வாரம். ஆடியில் ஆர்டர் இல்லாத நாட்கள். உட்கார்ந்து சொல்லச் சொல்ல 17 சேலைக்கும் கணக்கு வந்துவிட்டது.

அடுத்தது பணம் திரும்பும் காலம். விற்ற காசு 30 நாளில் வரும் என்றது மாதிரி. ஆரணியில் இரண்டு கடைகளில் கேட்டார். 60 நாள், சில சமயம் 90 என்றார்கள். பட்டையும் ஜரிகையையும் ரொக்கம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மூன்று மாதம் நூல் வாங்கக் கையில் முதல் இல்லையென்றால் தறி சும்மாதான் நிற்கும்.

மானியம் கைக்கு வரும் பணமில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அது 3 வருடம் வங்கியிலேயே வைப்பில் இருக்கும். அதை நம்பி நூல் வாங்க முடியாது. (பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.)

திட்டமே மாறிப்போனது. முதலில் எழுதிய இரண்டு தறியில் ஒன்றை அடித்தார். நெய்ய இருப்பது கணவர் ஒருவர்தானே! பழைய தறியில் மாமனார் முடிந்தமட்டும் கூலிக்கு நெய்வார். வீட்டுச் செலவுக்கு அது. மிச்சமான தொகையை நடைமுறை மூலதனத்தில் சேர்த்தார். ஆண்டுக்கு 31 சேலை என்றே எழுதினார். லாபம் மாதிரியில் இருந்ததில் பாதிகூட இல்லை. கணவருக்குத் தயக்கம்: "இவ்வளவு கம்மியா காட்டுனா கடன் குடுப்பாங்களா?"

"கட்டப் போறது நாமதானேங்க" என்றார் மனைவி.

கூலி நோட்டின் நகலையும் பின் அடித்து, திங்கட்கிழமை மறுபடி வங்கிக்குக் கிளம்பினார்.