மிளகு மூட்டை பயறான ஊரில் ஒரு கணக்கு: பாதி ஷட்டர் பூட்டிக் கிடக்கும் காம்ப்ளக்ஸை வாங்கலாமா?

உடையார்பாளையத்தில் பயறணீஸ்வரர் கோயிலுக்கு வழி கேட்டால், வழியோடு ஒரு மிளகு வியாபாரியின் கதையும் சேர்ந்து கிடைக்கும்.

மூட்டை மூட்டையாக மிளகு ஏற்றிக்கொண்டு வந்த வியாபாரி, இந்த ஊர்ச் சுங்கச்சாவடியில் நிறுத்தப்படுகிறார். மிளகுக்குச் சுங்கம் உண்டு, பயறுக்கு இல்லை. "எல்லாம் பயறுதாங்க" என்று ஒரு பொய்யைச் சொல்லித் தப்பித்துப் போகிறார். சந்தையில் போய் மூட்டையைப் பிரித்தால், உள்ளே இருப்பது நிஜமாகவே பயறு. பதறிப்போன வியாபாரி திரும்பி வந்து ஈசனிடம் மன்றாட, பயறு மறுபடி மிளகானதாம். அதனால்தான் சுவாமிக்குப் பயறணீஸ்வரர் என்று பெயர் என்கிறது தலபுராணம்.

மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று உண்மையைச் சொல்லாத வியாபாரம் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட எளிய கதை கிடைக்காது. இன்றைக்கு அந்தக் கதை அதிகம் தேவைப்படுவது, பாதி வாடகைக்குப் போய், பாதி ஷட்டர் இறங்கிக் கிடக்கும் 'காம்ப்ளக்ஸ்' கட்டடங்களை விலை பேசும் இடத்தில்தான்.

கூட்டம் நகர்ந்தால் கடையும் நகரும்

அரியலூர் மாவட்டத்தில், திருச்சியிலிருந்து சிதம்பரம் செல்லும் வழியில் இருக்கும் பேரூராட்சி உடையார்பாளையம். ஒரு காலத்தில் பெரிய ஜமீனின் தலைநகர். 'கனம்' பாடுவதில் பெயர்பெற்ற கனம் கிருஷ்ணையர் இந்த ஜமீனின் ஆஸ்தான வித்வானாக இருந்தவர். அவரிடம் சங்கீதம் கற்றவர்தான் தமிழ்த்தாத்தா உ.வே.சாமிநாதையரின் தந்தை. சுற்றுவட்டாரத்தில் பட்டுத்தறிகள், முந்திரித் தோப்புகள், அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லை நம்பி நிற்கும் சிமென்ட் ஆலைகள் என்று பிழைப்புக்குப் பல வழிகள்.

அரண்மனையைச் சுற்றிக் கடைவீதி வளர்வது பழைய வழக்கம். 1948-ம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு அந்தக் காலம் முடிந்தது.

இன்றைக்கு இங்கே ஒரு விசித்திரம் உண்டு. வட்டத்தின் பெயர் உடையார்பாளையம் வட்டம். வட்டாட்சியர் அலுவலகம் இருப்பதோ ஜெயங்கொண்டத்தில். வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகம் உடையார்பாளையத்தில் இருக்கிறது. ஆனால் சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா என்று தினமும் மனுவோடு மக்கள் ஏறி இறங்குவது பெரும்பாலும் வட்டாட்சியர் அலுவலகத்தில்தான். அந்தக் கூட்டத்தை நம்பித்தான் ஜெராக்ஸ் கடையும், டைப்பிங் சென்டரும், டீக்கடையும், மதியச் சாப்பாட்டுக் கடையும் பிழைக்கும். ஒரு டவுன் பஸ் தூரத்தில் ஜெயங்கொண்டம் போன்ற நகராட்சி இருக்கும்போது, துணி எடுக்கவும் நகை வாங்கவும் குடும்பத்தோடு அங்கே போவது இயல்பு. சின்ன ஊரில் மிஞ்சுவது அன்றாட வியாபாரம்: மளிகை, மருந்து, செல்போன் ரீசார்ஜ், தையல், சலூன், பேக்கரி.

இப்படிப்பட்ட ஊரில் காம்ப்ளக்ஸ் வாங்க நினைப்பவர் கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன் இந்த வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.

பத்து கடை, ஆறு வாடகை

சாலையைப் பார்த்தபடி கீழே ஐந்து கடை, பக்கவாட்டில் படிக்கட்டு, மாடியில் ஐந்து கடை. தமிழ்நாட்டின் எந்தச் சிறு ஊரிலும் பார்க்கக்கூடிய அமைப்பு இது. கீழே நான்கு ஷட்டர் திறந்திருக்கும். மாடியில் ஒரு டியூஷன் சென்டரும் ஒரு போட்டோ ஸ்டூடியோவும் இருக்கும். மீதி நான்கில் 'டு லெட்' எழுத்து வெயிலில் வெளிறிப்போயிருக்கும்.

விற்பவர் சொல்லும் கணக்கு கேட்க இனிப்பாக இருக்கும். புரிந்துகொள்வதற்காக ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். விலை 60 லட்சம் ரூபாய். கடைக்கு மாதம் ₹5,000 வாடகை. "பத்து கடைக்கு மாதம் ஐம்பதாயிரம். வருடத்துக்கு ஆறு லட்சம். போட்ட பணத்துக்குப் பத்து சதவிகிதம் வந்துடும் சார்!"

ஆனால் வாடகை வருவது ஆறு கடைக்குத்தான். வருடத்துக்கு 3.6 லட்சம். சொத்து வரி, பொது மின்சாரம், மோட்டார் ரிப்பேர், வெள்ளையடிப்பு, வராமல் போகும் வாடகை எல்லாவற்றுக்கும் 60,000 ஒதுக்கினால் கையில் நிற்பது 3 லட்சம்.

செலவுப் பக்கமும் வளரும். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். 60 லட்சத்துக்கு 5.4 லட்சம். அடுத்து, பலரும் மறந்துபோகும் அட்வான்ஸ். ஆறு கடைக்காரர்கள் ஆளுக்கு ₹50,000 கொடுத்திருந்தால், அவர்கள் காலி செய்யும்போது வந்து நிற்கப்போவது புது முதலாளியிடம்தான். அந்த 3 லட்சத்தை விலையில் கழிக்காவிட்டால், சொத்துக்கான மொத்தச் செலவு 68.4 லட்சம்.

68.4 லட்சத்துக்கு 3 லட்சம் என்றால் வருமானம் சுமார் 4.4 சதவிகிதம். பத்து என்று கேட்டது பாதிக்கும் கீழே வந்துவிட்டது. எட்டு சதவிகிதமாவது வேண்டும் என்றால், பதிவுச் செலவு, அட்வான்ஸ் எல்லாம் சேர்த்து மொத்தமே 37.5 லட்சத்துக்குள் அடங்க வேண்டும்.

பேரம் பேசும்போது பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இதுதான்: திறந்திருக்கும் ஷட்டருக்கு மட்டுமே விலை. பூட்டிய ஷட்டர் வாங்குபவரின் உழைப்பில் திறக்க வேண்டியது. அதன் லாபத்தை விற்பவருக்கு முன்கூட்டியே தருவதற்கு நியாயமில்லை.

ஏன் காலி?

வாடகை அதிகம் என்பதால் காலியா? அப்படியானால் குறைத்துப் பார்க்கலாம். கழிப்பறை இல்லை, தண்ணீர் இல்லை, படிக்கட்டில் விளக்கு இல்லை என்பதால் காலியா? சரிசெய்யலாம். பெண்கள் வேலை பார்க்கும் கடை எதுவும் கழிப்பறை இல்லாத மாடியில் நீடிக்காது. டூவீலர் நிறுத்த இடமில்லை, சாக்கடைப் பலகையைத் தாண்டித்தான் ஏற வேண்டும் என்றாலும், ஓரளவு செலவில் தீர்வு உண்டு.

ஊருக்கே கடை அதிகமாகிவிட்டது, பஸ் நிற்கும் இடம் மாறிவிட்டது, கடந்துபோகும் வண்டிகள் வேறு சாலைக்குப் போய்விட்டன என்பதால் காலி என்றால், அதை எந்த பெயின்ட்டும் தீர்க்காது. முதல் வகைக் காலியை வாங்கலாம். இரண்டாவது வகையைத் தள்ளிவைப்பது நல்லது.

மாடிக் கடையை மளிகைக்கும் துணிக்கும் விட நினைத்துக் காத்திருப்பது வீண். மூட்டு வலிக்காரர்கள் படி ஏறமாட்டார்கள். வேலை இருந்தால் மட்டும் தேடி வருகிற தொழில்களுக்கு மாடி சரிப்படும்: டியூஷன், போட்டித்தேர்வுப் பயிற்சி, ஆடிட்டர் அலுவலகம், எம்ப்ராய்டரி வகுப்பு.

சென்னையும் தப்பவில்லை

இது சின்ன ஊரின் பிரச்னை மட்டும் என்று நினைக்க வேண்டாம். சென்னை அண்ணா சாலையின் ஸ்பென்சர் பிளாசாவுக்கு வெளியூரிலிருந்து வந்து சுற்றிப்பார்த்துவிட்டுப் போன ஒரு தலைமுறையே உண்டு. 19-ம் நூற்றாண்டில் தொடங்கிய ஸ்பென்சர் நிறுவனத்தின் பழைய கட்டடம் 1983-ல் தீக்கு இரையானது. அந்த இடத்தில் எழுந்த புதிய வளாகம் 1990-களின் தொடக்கத்தில் திறக்கப்பட்டது. உள்ளே கடைகள் தனித்தனி ஆட்களுக்கு விற்கப்பட்டன.

2006-ல் சிட்டி சென்டர், 2010-ல் எக்ஸ்பிரஸ் அவென்யூ என்று புது மால்கள் வந்தபோது கூட்டம் பிரிந்தது. புது வகை மால்களில் பெரும்பாலும் கடைகளை விற்பதில்லை. ஒரே உரிமையாளர் வாடகைக்கு விடுகிறார். எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை, எங்கே சாப்பாட்டுக் கூடம் என்பதெல்லாம் ஒருவர் கையில். நூற்றுக்கணக்கான உரிமையாளர்கள் இருக்கும் வளாகத்தில் லிஃப்டை மாற்றவே நூறு பேர் சம்மதிக்க வேண்டும்.

உடையார்பாளையம் அளவு ஊருக்கும் இது பொருந்தும். காம்ப்ளக்ஸில் இரண்டு கடையை மட்டும் வாங்குபவர், மற்ற எட்டுக் கடைக்காரர்களின் மனசையும் சேர்த்து வாங்குகிறார். கூரை ஒழுகினால் யார் செலவு, படிக்கட்டு யாருடையது என்பது பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

'ஃபேக்டரி வருது சார்!'

இந்தப் பகுதியில் இப்போது நிலத்தரகர்களின் பேச்சில் அடிபடக்கூடிய சொல் ஷூ கம்பெனி. ஜெயங்கொண்டம் அருகே மகிமைபுரம் சிப்காட்டில், தைவானைச் சேர்ந்த நிறுவனத்தின் காலணித் தொழிற்சாலைக்கு 2024 நவம்பர் 15 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். அறிவிக்கப்பட்ட முதலீடு 1,000 கோடி ரூபாய். வேலைவாய்ப்பு 15,000 பேருக்கு. கங்கைகொண்ட சோழபுரமும் பக்கத்தில்தான். 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள அந்தக் கோயிலுக்கு, 2025 ஜூலை ஆடித் திருவாதிரை விழாவில் பிரதமர் மோடி வந்துபோனார்.

இரண்டும் மாவட்டத்துக்கு நல்ல செய்திகள்தான். ஆனால் ஒரு ஊரின் பக்கத்தில் தொழிற்சாலை வருவதும், அந்த ஊரின் மாடிக் கடை வாடகைக்குப் போவதும் ஒன்றல்ல. கம்பெனி பஸ்ஸில் ஏறி இறங்கும் பெண்கள் எந்த நிறுத்தத்தில் இறங்குவார்கள், சம்பள நாளில் எங்கே பொருள் வாங்குவார்கள் என்பதுதான் கடைக்காரருக்கு முக்கியம்.

எதிர்பார்ப்பை நம்பிக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று இந்த வட்டாரத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக 1990-களில் கிராம மக்களின் நிலங்கள் கையகப்படுத்தப்பட்டன. ஆண்டுக்கணக்கில் வழக்குகள் நடந்தன. அனல்மின் நிலையம் வரவில்லை. கடைசியில் திட்டத்தைக் கைவிட்டு, நிலங்களை உரியவர்களிடமே திருப்பித்தர அரசு முடிவெடுத்தது. வரப்போவதற்கான விலையை இன்றே கொடுப்பவர், வராமல் போனால் ஏற்படும் நஷ்டத்தையும் தானே சுமக்க வேண்டும்.

மூட்டையைப் பிரித்துப் பார்க்க

விற்பவர் காட்டும் வாடகைப் பட்டியல் மிளகா, பயறா? கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு.

மின் அட்டை: ஒவ்வொரு கடைக்கும் தனி மின் இணைப்பு இருந்தால், கடந்த ஒரு வருடத்துக்கான பில்களைக் கேட்டு வாங்குங்கள். 'வாடகைக்கு விட்டாச்சு' என்று சொல்லப்படும் கடையில் மின்சாரமே ஓடவில்லை என்றால், அந்த ஒப்பந்தம் விற்பனைக்காக எழுதப்பட்டதாக இருக்கலாம்.

வாடகை ஒப்பந்தம்: 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது. வாய்ப்பேச்சில் ஓடும் வாடகை என்றால், ஒவ்வொரு கடைக்காரரிடமும் நேரில் பேசி வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, யாரிடம் கொடுத்தது என்று எழுதி வாங்குவது நல்லது.

வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், பட்டா, கட்டட அனுமதி, சொத்து வரி ரசீது: ஐந்தையும் வழக்கறிஞர் பார்க்க வேண்டும். வீட்டுக்கு அனுமதி வாங்கிக் கடை கட்டியிருந்தால் வம்பு பின்னால் வரும்.

பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதிக்கொள்ளலாம், மீதியைக் கையில் கொடுங்கள் என்று யாராவது சொன்னால், மிளகு வியாபாரியை நினைத்துக்கொள்ளுங்கள். எழுதிய தொகைதான் சட்டத்தின் கண்ணில் விலை. நாளை விற்கும்போது லாபமும் வரியும் அதிலிருந்துதான் கணக்காகும். வழக்கு வந்தால் கையில் கொடுத்த பணத்துக்குச் சாட்சி இல்லை. சொத்து விற்பனையில் ₹20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குபவருக்கு, வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு.

கட்டடமே வேண்டாம், கடை வாடகை வருமானத்தில் மட்டும் பங்கு வேண்டும் என்பவர்களுக்கு 'ரீட்' என்று ஒரு வழி இருக்கிறது. 2023 மே மாதம் பங்குச்சந்தைக்கு வந்த நெக்ஸஸ் செலக்ட் டிரஸ்ட்டிடம் சென்னை வடபழனி மால் உட்படப் பல மால்கள் உள்ளன. அதன் யூனிட்களைப் பங்குபோலச் சிறு தொகைக்கும் வாங்கலாம். விலை ஏறும், இறங்கும். ஆனால் ஓய்வூதியப் பணம் முழுவதும் ஒரே படிக்கட்டில் முடங்காது.

ஆறு பேரும் மூலதனம்தான்

வாங்கிய கையோடு வாடகையை இரட்டிப்பாக்கினால் காலி ஷட்டர் நான்கு, ஏழாகும். பத்து வருடமாகத் தையல் மெஷின் போட்டிருக்கும் அக்காவைத் தேடித்தான் பிளவுஸ் தைக்க ஆட்கள் வருகிறார்கள். அப்படியே பக்கத்துக் கடையில் நூலும் பட்டனும் வாங்குகிறார்கள். அவர் போனால் அந்தக் கூட்டமும் போகும். வளைகுடாவில் பல வருடம் வெயிலில் நின்று சேர்த்த பணமோ, ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றபோது வந்த பணிக்கொடையோ இந்தக் கட்டடத்தில் இறங்கப்போகிறது என்றால், அதைக் காப்பாற்றப்போவது இப்போது உள்ளே இருக்கும் ஆறு பேர். கழிப்பறையும் விளக்கும் முதலில். வாடகை உயர்வு பிறகு.

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி. முகூர்த்த நாள், திருவிழா நாள் எதுவும் இல்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, எதிர்ப்பக்க டீக்கடையில் காலை ஏழு மணிக்கு உட்கார வேண்டும். எத்தனை பேர் கடந்துபோகிறார்கள், எத்தனை பேர் நிற்கிறார்கள், எத்தனை பேர் பையோடு திரும்புகிறார்கள் என்று ஒரு நோட்டில் கோடு போட வேண்டும். மதியம் வெயில் ஏறியதும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். ஆனால் இரவு எட்டு மணிக்கு அங்கே இருந்தாக வேண்டும். அந்த நேரத்தில் மாடிப் படிக்கட்டில் விளக்கு எரிகிறதா, அதில் யாராவது ஏறுகிறார்களா என்று பார்த்துவிட்டுப் பிறகு விலை பேசலாம்.