பத்து மாத அவகாசம்

பரீட்சை மண்டபத்தில் எல்லோரும் சமம் என்று ஆசிரியர்களாகிய நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். ஒரே வினாத்தாள், ஒரே நேரம், ஒரே மேற்பார்வையாளர். அது உண்மைதான். ஆனால் அந்த மண்டபத்தின் வாசல் வரை வந்து சேரும் பாதை எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதும் கிராமப் பாடசாலை ஆசிரியனுக்குத் தெரியும். அந்தப் பாதையில் ஓர் அரசாங்கம் என்ன செய்யலாம் என்று என்னை யோசிக்க வைத்தது இந்தியா.

2024 பெப்ரவரியில் ராத்தாவின் கண் சத்திரசிகிச்சைக்காகச் சென்னை போயிருந்தோம். மச்சானும் ராத்தாவும் நானும் திருவல்லிக்கேணியில் தங்கினோம். பக்கத்து அறையில் இராமநாதபுரம் மாவட்டத்து இளைஞர் ஒருவர். தகப்பன் கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுபவர். மகன் இந்தியக் குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். கலெக்டரும் பொலிஸ் அதிகாரியும் வெளிநாட்டுத் தூதுவரும் தெரிவாகின்ற பரீட்சை அது.

அந்தப் பரீட்சையின் கனத்தை இலக்கங்களில் பார்த்தால்தான் விளங்கும். முதனிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, நேர்முகத் தேர்வு என மூன்று படிகள். ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஒரு வருடம். 2023ஆம் ஆண்டுப் பரீட்சைக்கு விண்ணப்பித்தோர் 10,16,850 பேர். முதனிலைத் தேர்வை எழுதியவர்கள் 5,92,141 பேர். முதன்மைத் தேர்வுக்குத் தகுதி பெற்றவர்கள் 14,624 பேர். கடைசியில் தெரிவானவர்கள் 1,016 பேர். எழுதியவர்களில் ஆயிரத்துக்கு இருவர்கூட இல்லை.

"கோச்சிங் பெரிய செலவோ, தம்பி?" என்று கேட்டேன்.

"பாடம் யூடியூப்லயே கிடைக்குது சார். புக்கு லைப்ரரில இருக்கு. ஆனா ஒரு வருஷம் சம்பாதிக்காம உக்காந்து படிக்கிறேன்னு வீட்ல சொல்ல முடியாது. இப்ப மாசம் ஏழாயிரத்து ஐந்நூறு வருது. அதனால அப்பா முகத்தப் பாத்துப் பேச முடியுது."

அவர் சொன்னது 'நான் முதல்வன்' திட்டத்தின் உதவித்தொகை. 2022 மார்ச்சில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடக்கிய திட்டம் அது. குடிமைப் பணித் தேர்வுக்கு ஆயத்தமாவோருக்கான உதவி 2023இல் அதனுடன் சேர்க்கப்பட்டது. ஒரு தேர்வு வைத்து ஆயிரம் பேரைத் தெரிந்தெடுத்து, மாதம் 7,500 இந்திய ரூபா வீதம் பத்து மாதங்கள் கொடுத்தார்கள். முதனிலைத் தேர்வில் தேறியவர்களுக்கு மேலும் 25,000 ரூபா. 1960களிலிருந்தே சென்னையில் அரசாங்கப் பயிற்சி மையமொன்றும் இயங்கி வந்திருக்கிறது.

மறுநாள் அந்தத் தம்பி என்னைக் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப்போனார். சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பதற்கென்றே அங்கு ஒரு பகுதி உண்டு. சோற்றுப் பெட்டியும் தண்ணீர்ப் போத்தலுமாக இளைஞர்களும் யுவதிகளும் நிறைந்திருந்தார்கள். ஒருவரும் தலை நிமிரவில்லை. அவர்களுக்குப் போதிப்பவர் என்று அங்கே யாருமில்லை. இருந்தவை மேசையும் வெளிச்சமும் நேரமும்தான். நல்ல பயிற்சி கொடுத்தால் ஏழைப்பிள்ளை முன்னேறும் என்றே நான் நினைத்திருந்தேன். அந்த 7,500 ரூபா வாங்கிக் கொடுத்தது பயிற்சியை அல்ல, நேரத்தை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அந்த நேரம் தகப்பனின் சொத்தோடு வருகிறது. கரிமூட்டக்காரரின் மகனுக்கு யாராவது வாங்கிக் கொடுக்கவேண்டும்.

அப்படி வாங்கிக் கொடுக்க ஆளில்லாதவர்களின் நிலையும் நாம் அறிந்ததே. டில்லியின் பழைய ராஜிந்தர் நகர் இத்தகைய மாணவர்களால் நிரம்பிய இடம். இலட்சக் கணக்கில் கட்டணம், காற்றில்லாத சிறிய அறைகள். 2024 ஜூலை 27ஆந் திகதி மழை வெள்ளம் புகுந்து, பயிற்சி நிலையமொன்றின் நிலக்கீழ் நூலகத்தில் மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்தச் செய்தியை வாசித்தபோது கோட்டூர்புரத்து மேசைகள்தான் என் கண்ணுக்குள் வந்தன.

நமது வாசகர்கள் அறியவேண்டிய இன்னொரு பக்கமும் உண்டு. 2006 நவம்பரில் வெளியான சச்சார் குழு அறிக்கை, இந்திய மக்களில் 13.4 சதவீதமான முஸ்லிம்கள் ஆட்சிப் பணியில் 3 சதவீதமும் பொலிஸ் பணியில் 4 சதவீதமும் வெளிநாட்டுப் பணியில் 1.8 சதவீதமுமே இருப்பதாகச் சொன்னது. பின்னர் சில பல்கலைக்கழகங்களில் சிறுபான்மையினர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள் தங்கிப் படிக்கும் பயிற்சியகங்கள் திறக்கப்பட்டன. டில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் 2010இல் தொடங்கியது அவற்றிலொன்று. 2021ஆம் ஆண்டுப் பரீட்சையில் அகில இந்தியாவிலும் முதலிடம் பெற்ற ஸ்ருதி ஷர்மா அங்கு படித்தவர். ஒரு சமூகத்தின் குறையை நினைத்துத் திறந்த கதவால் எல்லோருடைய பிள்ளைகளும் நுழைந்தார்கள் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

எல்லாக் கதவும் திறந்தே இருக்கவில்லை. முதனிலைத் தேர்வில் தேறிய சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு ஒரு இலட்சம் ரூபா வரை கொடுத்த மத்திய அரசின் 'நயி உடான்' திட்டம் 2022-23 முதல் நிறுத்தப்பட்டது. வருடாந்த நிதியறிக்கையில் ஒரு வரியாக வாழும் திட்டம், ஒரு கோடு கிழித்தால் போய்விடுகிறது. கட்டடமும் நூலகமும் விடுதியுமாக நிற்பதை அத்தனை இலேசில் அழிக்க முடியாது.

இதையெல்லாம் ஆசிரியர் அறையில் சொன்னபோது நண்பரொருவர் மறுத்தார். "ஆயிரத்துக்கு ரெண்டு பேரும் தேறாத சோதினைக்கு அரசாங்கக் காசக் கொட்டுறது சரியா, சேர்?" நியாயமான கேள்வி. ஒரு பிள்ளை முப்பத்திரண்டு வயது வரை இதையே பிடித்துக்கொண்டு நின்றால் அது வாழ்க்கையைத் தின்றுவிடும். ஆகவே இத்தகைய திட்டம் தோற்றவனுக்கு அடுத்த வாசலையும் காட்டவேண்டும். அதே படிப்போடு மாநிலப் பரீட்சைகளுக்குப் போய் வேலை பெறுகிறவர்களும் இருக்கிறார்கள். இன்னொரு குறையும் உண்டு. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். வினாத்தாளோ ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வரும். இந்த விடயத்தில், தமிழிலேயே வினாவைக் கண்டு தமிழிலேயே எழுதும் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

நான் உயர்தரம் முடித்ததும் கிடைத்த ஆசிரிய நியமனத்தை ஏற்று, ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றவன். வாப்பாவின் நெசவுத்தறி நின்றுபோயிருந்த காலம். இரண்டு தங்கைகள். வெளிவாரிப் பட்டத்தை முடித்தபோது நிருவாக சேவைத் திறந்த போட்டிப் பரீட்சையின் வயதெல்லை கடந்திருந்தது. ஆசிரியத் தொழிலில் எனக்கு மனக்குறை ஏதுமில்லை. ஆனால் என் வகுப்பில் என்னைவிடக் கெட்டிக்காரப் பிள்ளைகள் இருக்கிறார்கள்; சாதாரணதரம் எழுதிய மறுவாரமே கடைக்கும் கடலுக்கும் போய்விடுகிறார்கள். அவர்கள் இருபத்தொரு வயதில் வரும் எந்தத் திட்டத்துக்கும் எட்டமாட்டார்கள்.

எங்கள் ஊர்களில் பள்ளிவாசல் நிர்வாகமும் நலன்புரிச் சங்கமும் வெளிநாட்டில் உழைக்கும் சகோதரர்களும் கட்டடத்துக்கும் வாசற்கோபுரத்துக்கும் தாராளமாகக் கொடுக்கிறார்கள். அதில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, ஊருக்கு ஒரு பட்டதாரிப் பிள்ளைக்காவது பத்து மாதம் கொடுக்கலாம். "உழைத்துத் தா என்று உன்னை யாரும் கேட்கமாட்டோம், நீ படி" என்று ஊர் சேர்ந்து சொல்கின்ற பத்து மாதம். பிள்ளை தேறினால் ஊருக்கு ஓர் அதிகாரி. தேறாவிட்டாலும், நிறையப் படித்த ஒருவர் எங்களுக்குள் இருப்பார்.